ஆறு மாதத்துக்கு ஒரு துறை: நிதி வேலையை இப்படித் தொடங்கலாமா?

கேள்வி: வணிகவியல் பட்டப்படிப்பை இப்போதுதான் முடித்தேன். கையில் இரண்டு வேலைக் கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று, சப்ளையர் பில்களைக் கவனிக்கும் அக்கவுண்ட்ஸ் பேயபிள் பிரிவில் நிரந்தர வேலை. சம்பளம் கொஞ்சம் அதிகம். இன்னொன்று, இரண்டு ஆண்டு ரொட்டேஷன் புரோகிராம். ஆறு மாதத்துக்கு ஒன்றாக நான்கு துறைகள். எதிலும் நிலைக்காமல் எல்லாமே அரைகுறையாகப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் ரொட்டேஷனை எடுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு முன் சில கேள்விகளுக்கு நிறுவனத்திடம் பதில் வாங்கிவிட வேண்டும்.

முதலில் காரணம். நானும் இப்படித்தான் வேலைக்குள் வந்தேன். முதல் ஆறு மாதம் பில் பதிவு. சப்ளையருக்குப் பணம் தர ஒப்பந்தப்படி 45 நாள் அவகாசம் உண்டு. நானோ பில் தேதியையே பணம் தரும் தேதியாகப் பதிந்துகொண்டிருந்தேன். சீக்கிரம் பணம் போனால் நல்லதுதானே என்ற நினைப்பு. அடுத்த ஆறு மாதம் ட்ரெஷரி, அதாவது நிறுவனத்தின் கையிருப்புப் பணத்தையும் கடனையும் கவனிக்கும் பிரிவு. அங்கே 13 வாரத்துக்கான பண வரவு, செலவுக் கணிப்பைத் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் புரிந்தது: வங்கியில் குறுகிய காலக் கடன் வாங்கி, வட்டி கட்டி, அந்தப் பில்களுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்துக்கொண்டிருந்தோம். பில் பிரிவிலேயே பத்து ஆண்டு இருந்திருந்தால் எனக்கு இது கண்ணில் பட்டிருக்காது. ஒரே பதிவை மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்ப்பது என்பது இதுதான்.

இந்த முறை சோதனை முயற்சியும் அல்ல. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிதித் துறைக்கு இப்படி ஆள் தயாரித்தது. ஆறு மாதம் வீதம் நான்கு பணிகள், மொத்தம் இரண்டு ஆண்டு என்பதுதான் அங்கும் கணக்கு.

சரி, ஆறு மாதத்தில் என்ன ஆழம் வந்துவிடும்? இதை நாள் கணக்கில் பார்க்காதீர்கள், சுற்றுக் கணக்கில் பாருங்கள். ஆறு மாதத்தில் மாத இறுதி ஆறு முறையும் காலாண்டு இறுதி இரண்டு முறையும் வரும். கணக்கை முடிக்கும் அந்த நாட்களில்தான் வேலையின் முழு உருவமும் தெரியும்: இன்னும் பில் வராத செலவுகளுக்கு அக்ரூவல் (உத்தேசத் தொகைப் பதிவு) போடுவது, வங்கி ரிகன்சிலியேஷன் (நம் பதிவும் வங்கியின் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது), குழும நிறுவனங்களுக்கு இடையிலான நிலுவையைச் சரிபார்ப்பது, பட்ஜெட்டுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் எழுதுவது. முதல் முறை பக்கத்தில் இருந்து பார்ப்பீர்கள். இரண்டாம் முறை துணையோடு செய்வீர்கள். மூன்றாம் முறை தனியாக. நான்காவதில்தான் 'இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?' என்ற கேள்வி வரும், கற்றல் தொடங்குவதே அங்கிருந்துதான். அதனால் துறைக்கு மூன்று மாதம் மட்டும் தரும் திட்டமாக இருந்திருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். அதில் நீங்கள் 'ஏன்' என்று கேட்பதற்குள் வேறு துறைக்கு மாற்றிவிடுவார்கள்.

எந்தத் துறை முதலில் என்பதில் உங்களுக்குக் கொஞ்சமாவது குரல் இருந்தால், கணக்கு முடிப்புப் பிரிவில் தொடங்குங்கள். பலரும் பட்ஜெட்டும் கணிப்பும் போடும் திட்டமிடல் பிரிவுக்குத்தான் ஆசைப்படுவார்கள், மேலிடத்தின் கண்ணில் படலாம் என்று. ஆனால் ஒரு எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாமல் அடுத்த ஆண்டு அந்த எண் என்னவாகும் என்று கணிக்க முடியாது. அப்புறம், திட்டமிடலுக்குப் போவதென்றால் பட்ஜெட் காலத்தில் போங்கள். பல நிறுவனங்களில் நிதியாண்டு முடிய மூன்று நான்கு மாதம் இருக்கும்போதே அந்த வேலை தொடங்கிவிடும். அது முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால், பிறர் போட்ட எக்ஸெல் கோப்பில் எண்களை மாற்றிக்கொண்டிருப்பதிலேயே பாதி நாள் போய்விடும். நிறுவனத்தின் பதிவுகளை உள்ளிருந்தே சரிபார்க்கும் இன்டர்னல் ஆடிட்டைப் பிந்தைய சுற்றில் வையுங்கள். பதிவு போட்ட கைக்குத்தான் அது எங்கே தவறும் என்று தெரியும்.

இப்போது கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை. இரண்டு ஆண்டு முடிந்ததும் ஓர் இடம் உறுதியா, அல்லது உள்ளே காலியிடம் பார்த்து நீங்களே விண்ணப்பிக்க வேண்டுமா? ஆறு மாதத்துக்கு ஒரு மேலாளர் மாறும்போது உங்கள் ஆண்டு மதிப்பீட்டை எழுதுவது யார்? இதில் தெளிவில்லாத நிறுவனத்தில், கடைசியாக மூன்று மாதம் மட்டும் பார்த்தவர் உங்கள் முழு ஆண்டுக்கும் மதிப்பெண் போட்டுவிடுவார். பாதியில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, ஊர் மாற்றம் உண்டா என்பதையும் கேளுங்கள். இந்தப் பதில்கள் எல்லாம் மின்னஞ்சலில் வரட்டும். வாய்வார்த்தை போதாது.

தொழில்முறைத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஏசிசிஏ என்ற பிரிட்டிஷ் கணக்காளர் அமைப்பில் உறுப்பினராக 36 மாத வேலை அனுபவம் தேவை. அதை மேற்பார்வையாளர் உறுதிப்படுத்த வேண்டும். ஒவ்வொரு துறையை விட்டு நகரும் முன்பே அந்த ஒப்புதலை வாங்கிவிடுங்கள். பழைய மேலாளர் வேலை மாறிப் போன பிறகு தேடி அலைவது பெரும்பாடு. முதலீட்டுத் துறையினருக்கான சிஎஃப்ஏ பட்டயத்துக்குக் குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேர அனுபவம் கேட்கிறார்கள். அந்த வேலை முதலீட்டு முடிவோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். பில் பதிவும் ரிகன்சிலியேஷனும் அதில் சேரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

யாருக்கு இது பொருந்தாது? வரித் துறைதான் வேண்டும், நிறுவன மதிப்பீடுதான் வேண்டும் என்று இப்போதே தெளிவாக இருப்பவருக்கு. அவர் நேராக அங்கேயே போகலாம், மற்ற துறைகளில் ஒன்றரை ஆண்டு சுற்ற வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு தீர்மானம் எனக்குத் தெரியவில்லை. வீட்டுச் செலவுக்கு அந்தக் கூடுதல் சம்பளம் கட்டாயம் வேண்டும் என்ற நிலை இருந்தால் அது வேறு விஷயம். பில் பிரிவில் சேருங்கள், உள்ளே போய் ஓராண்டில் துறை மாற்றம் கேளுங்கள். அதிலும் தவறில்லை.

கடைசியாக ஒன்று, பலர் தவறவிடுவது. நான்காவது துறையின் கடைசி மாதத்தில் 'எனக்கு எங்கே இடம்?' என்று கேட்காதீர்கள். ஒரு பிரிவில் உங்களுக்கு நாற்காலி வேண்டுமென்றால், அந்தப் பிரிவின் தலைவர் அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் ஓர் ஆளுக்கான சம்பளத்தைச் சேர்த்திருக்க வேண்டும். விருப்பம் இருந்தும் பட்ஜெட்டில் இடமில்லை என்று கைவிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனவே மூன்றாவது துறையில் இருக்கும்போதே, உங்களுக்குப் பிடித்துப்போன பிரிவின் தலைவரிடம் போய் நேராகச் சொல்லுங்கள்: 'நான் இங்கே திரும்பி வர விரும்புகிறேன், பட்ஜெட் போடும்போது நினைவில் வையுங்கள்' என்று. நீங்கள் அங்கே விட்டு வந்த வேலைக் குறிப்புகள் தெளிவாக இருந்து, அடுத்து வந்தவர் அதை வைத்து மாத இறுதியைத் தடுமாறாமல் முடித்திருந்தால், அந்தத் தலைவர் உங்களை மறந்திருக்க மாட்டார்.