வளவில் ஒரு தொனதியா போடலாமா?

கேள்வி: ஸ்பெயின் ராஜ்ஜியம் அமெரிக்கா வரை பரவியிருந்த காலத்தில் ‘தொனதியா’ என்று சின்னப் பாட்டு நாடகம் உண்டாமே! எங்கள் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) பிள்ளைகளை வைத்துத் தமிழில் ஒன்று போட முடியுமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: தாராளமாகப் போடலாம். பெரிய நாடகத்தில் ஓர் அங்கம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சபை கலையாமல் இருக்கப் பாடியது இது. வள்ளி திருமணத்தில் ராஜபார்ட் வருமுன் பபூனும் டான்ஸும் தர்க்கம் பண்ணுவார்களே, ஏறக்குறைய அந்த இடம். 1757 வாக்கில் மாட்ரிட்டில் லூயிஸ் மிசோன் இதைத் தனிச் சிறுநாடகமாக நிலைக்க வைத்தார். சத்திரக்காரி, கழுதை ஓட்டி, வளையல் விற்பவள் போன்ற தெருவாசிகள்தான் பாத்திரங்கள். மெக்சிகோ நகரின் கொலிசேயோ அரங்கிலும் லிமாவிலும் இதற்கு நல்ல கூட்டம்.

இரண்டு பேர் போதும். நான்குக்கு மேல் வேண்டாம். நேரம் கால் மணி. தன்னை அறிமுகம் செய்யும் பாட்டுக்கு 2 நிமிடம், ஒரே மெட்டில் மாறி மாறிப் பாடும் வாக்குவாதத்துக்கு 10, முடிவில் ‘செகிதியா’ ஆட்டப் பாட்டுக்கு 3.

செகிதியா மூன்று எண்ணிக்கைத் தாளம். ரூபகம் தெரிந்த பிள்ளைக்குச் சிரமமில்லை. அடிகள் 7, 5, 7, 5 என்று வரும். தமிழில் ஒற்று நீக்கி எண்ணுங்கள்:

காரைக்குடிச் சந்தையில்
கண்ணாடி வளை

முதலடி ஏழு, அடுத்தது ஐந்து. இப்படி நான்கடி வந்த பிறகு 5, 7, 5 என மூன்றடி சேர்த்து முடிக்க வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் நடுப்பகுதிதான். மெட்டு மாறாததால் புதுமை முழுக்கச் சொல்லில் இருக்கிறது. சொல் காதில் விழாவிட்டால் மூன்றாம் சரணத்திலேயே சபை பேச ஆரம்பித்துவிடும். ஆகவே பாடும்போது கிதார் மட்டும் ஒலிக்கட்டும், வயலின் சரணங்களுக்கு இடையில் வரட்டும். சுருதி 5 கட்டையைத் தாண்ட வேண்டாம், கத்தினால் உச்சரிப்பு போய்விடும். முற்றத்தை ஒட்டி உயர்ந்திருக்கும் பட்டாலையை மேடையாக்குங்கள். வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் எதிரொலிக்கும் என்பதால் தரை முழுக்க ஜமக்காளம் விரியுங்கள். வேகப் பாட்டில் இதன் பலன் உடனே தெரியும்.

கேள்வி: சர்சுவேலாவும் இதுவும் ஒன்றா?
- வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. சர்சுவேலா 17ஆம் நூற்றாண்டில் அரண்மனையில் பிறந்தது. பேச்சும் பாட்டும் கலந்த நெடிய நாடகம். அதை ஒரு மணி நேரமாகச் சுருக்கிக் குறைந்த கட்டணத்தில் காட்டும் பழக்கம் மாட்ரிட்டில் 1860களின் இறுதியில் வந்தது. பிலிப்பைன்ஸ்காரர்கள் சர்சுவேலாவைத் தம் மொழிக்கே கொண்டுபோனார்கள். செவெரினோ ரேயெஸ் தகாலோக்கில் எழுதிய ‘வாலாங் சுகாத்’ 1902இல் மேடையேறியபோது ஸ்பெயின் ஆட்சி அங்கே முடிந்திருந்தது.