ஏரிக்கரைக் காட்டேஜும் தனி வெந்நீர்த் தொட்டியும்: முன்பணம் கட்டுவதற்கு முன்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வரும் தை மாதம் அவருடைய அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபதாம் கல்யாணச் சாந்தி. விசேஷம் முடிந்த கையோடு அப்பச்சி, ஆத்தா, கணவர், இரண்டு பிள்ளைகள் (இளையவனுக்கு நான்கு வயது) ஆகியோருடன் கொடைக்கானலில் இரண்டு இரவு தங்க விரும்புகிறார். "ஏரிக்கரைக் காட்டேஜ், தனி ஜக்குஸி" என்று சொல்லும் ஓர் ஏஜென்ட், இரவுக்கு 14,000 ரூபாய் பேசி, முழுத் தொகையையும் தம் சொந்த ஜிபே எண்ணுக்கு உடனே அனுப்பச் சொல்கிறார். அப்பச்சிக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. பணத்தை அனுப்பலாமா, அப்பச்சி அந்தத் தொட்டியில் இறங்கலாமா என்பவை அவருடைய இரண்டு கேள்விகள்.

முதல் கேள்விக்கு என் பதில், இப்போது ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம் என்பதே. நீங்கள் கூடுதலாகப் பணம் கொடுப்பது ஏரிக்காகவும் தொட்டிக்காகவும். இந்தத் தொழிலில் அதிகமாகப் பொய் சொல்லப்படுவதும் அந்த இரண்டைப் பற்றித்தான்.

ஏரியை எடுத்துக்கொள்வோம். கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் கரை கட்டி உருவாக்கியது. அதைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்குப் பொதுச் சாலை ஓடுகிறது. குதிரையும் வாடகைச் சைக்கிளும் சோளக்கதிர்க் கடையும் அந்தச் சாலையில்தான். ஆகவே வாசற்படியில் இறங்கினால் தண்ணீர் என்று படத்தில் காட்டப்படும் காட்டேஜ் அங்கே இருக்க வழியில்லை. மிக நெருக்கமான விடுதியும் சாலைக்கு மறுபுறத்தில்தான் இருக்கும், அப்படிப்பட்டவையும் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. ஏஜென்ட்கள் ஏரிக்கரை என்று விற்பவற்றில் பெரும்பாலானவை நாயுடுபுரம், அட்டுவம்பட்டி, வில்பட்டி, பள்ளங்கிப் பக்கம் இருக்கின்றன. அவை மோசமான இடங்கள் அல்ல, சில மிக அழகானவை. ஆனால் அங்கிருந்து ஏரிக்கு ஒவ்வொரு முறையும் வண்டி எடுக்க வேண்டும், விடுமுறை நாளில் அந்தச் சிறு தூரமே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். காட்டேஜின் பெயரைக் கேட்காதீர்கள், பெயர் மாதத்துக்கு ஒன்றாக மாறும். கூகுள் வரைபடத்தில் இடக்குறியை அனுப்பச் சொல்லுங்கள். "மலையடிவாரத்து வத்தலக்குண்டு தாண்டியதும் அனுப்புகிறேன்" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது தொட்டி. ஜக்குஸி என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு பொருள்களை விற்கிறார்கள். ஒன்று, குளியலறையில் உள்ள சாதாரண பாத்டப். இரண்டாவது, அதே பாத்டப்பில் நீரைப் பீய்ச்சும் மோட்டார் பொருத்தியது. ஒவ்வொரு முறையும் நிரப்பி, குளித்து, வடித்துவிட வேண்டும். மூன்றாவதுதான் நீங்கள் மனத்தில் வைத்திருப்பது: தனக்கென்று ஹீட்டரும் வடிகட்டியும் மூடியும் கொண்டு, பெரும்பாலும் திறந்த வெளியில் இருக்கும் வெந்நீர்த் தொட்டி. 14,000 ரூபாய்க்கு ரோஜா இதழ் மிதக்கும் மூன்றாவதன் படத்தைக் காட்டி இரண்டாவதைக் கொடுப்பதே வழக்கம்.

இரண்டாவதில் உள்ள சங்கடம் எளிய கணக்குதான். தை மாதத்துக் கொடைக்கானலில் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 15 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் தொங்கும் 25 லிட்டர் கீசர் அதை 60 டிகிரிக்குச் சுட வைத்தாலும், பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரிக்கு விளாவினால் கிடைப்பது 45 லிட்டர். தொட்டியோ 300, 350 லிட்டர் கொள்ளும். கீசர் ஏழெட்டு முறை சுட்டு முடிப்பதற்குள் முதலில் விட்ட நீர் ஆறிப்போயிருக்கும். கல்யாண வீட்டுக் கூட்டத்துக்குக் காப்பிச் சட்டியில் வெந்நீர் போட்ட கதைதான். மூன்றாவது வகையிலும் பொறுமை வேண்டும்: 1,000 லிட்டரை 15இலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர 29 யூனிட் மின்சாரம் செலவாகும், 3 கிலோவாட் ஹீட்டருக்கு அது சுமார் 10 மணி நேர வேலை. மாலையில் போய்ச் சேர்ந்து, "தொட்டியைப் போடுங்கள்" என்றால் நடக்காது. முந்தின இரவே ஓட வைத்திருக்கிறார்களா, மின்சாரம் போனால் ஹீட்டருக்கும் ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். ஜெனரேட்டர் உண்டு என்பார்கள். அது நான்கு விளக்குக்கும் டிவிக்கும் மட்டும் இருக்கும்.

எனக்குப் பெரிய கவலை தண்ணீரைப் பற்றியது. தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் அங்குள்ள விடுதிகள் லாரித் தண்ணீர் வாங்குகின்றன. அப்படி வாங்கிய 1,000 லிட்டரை ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாற்ற எவருக்கு மனம் வரும்? வடிகட்டியும் மருந்தும் சரியாக இருந்தால் மாற்றாமலிருப்பது தவறும் அல்ல. குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் மூன்று பங்கு), நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.0 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். இதைக் காட்டும் சோதனைத் தாள் இணையக் கடைகளில் கிடைக்கிறது, கையோடு ஒரு டப்பா எடுத்துச் செல்லுங்கள். மூக்கைத் துளைக்கும் மருந்து வாடையைச் சுத்தத்தின் அடையாளமாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குளோரின் வியர்வையோடும் அழுக்கோடும் சேர்ந்து செலவாகிவிட்டதால் எழும் வாடை அது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் இறங்க வேண்டாம். அந்த வழவழப்பில் வளரும் கிருமிகளால்தான் இரண்டொரு நாளில் உடம்பெங்கும் கொப்புளம் போலத் தடிக்கிறது. சில கிருமிகள் நீராவியோடு நுரையீரலுக்குள்ளும் போகும்.

இனி அப்பச்சி. சுடுநீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு அது மேலும் இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் நீரின் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடலாம். இன்சுலின் போடுபவராக இருந்தால் சூட்டில் அது வேகமாக உடம்பில் ஏறி, சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். எனவே அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் "வெந்நீர்த் தொட்டியில் உட்காரலாமா" என்று நேராகக் கேளுங்கள். அவர் சரி என்றால் 40 டிகிரிக்கு மேல் போகாமல், 10 நிமிடம், பக்கத்தில் ஒருவர் இருக்க. இளையவனை இறக்கவே கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சூடு ஆகாது. தொட்டிக்கான மின் இணைப்பில் ஈஎல்சிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அறையை மாற்றச் சொல்லுங்கள். அந்தப் புகைக்கு வாடையில்லை, ஆளைக் கொல்லும்.

பணத்துக்கு வருகிறேன். இரவு வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம். உங்கள் 14,000 ரூபாய் அப்போது 16,520 ஆகும். 7,500 வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். இதில் ஒரு விலக்கு இருக்கிறது, ஏஜென்ட்கள் அதை வைத்தே விளையாடுவதால் விளக்கமாகச் சொல்கிறேன். ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு உட்பட்ட சிறிய தங்குமிடத்தார் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. ஒரு வீட்டை மட்டும் வாடகைக்கு விடும் குடும்பம் அப்படிப்பட்டதாக இருக்கலாம்; அவர்கள் ஜிஎஸ்டி எண் இல்லை என்று சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பதிவு இல்லாதவர் வரி என்ற பெயரில் உங்களிடம் ஒரு காசும் வாங்கக்கூடாது. எண் கேட்டால் "சின்ன இடம், பதிவு இல்லை" என்றும், கணக்குச் சொல்லும்போது "வரி தனி" என்றும் ஒரே வாய் பேசினால், அந்தப் பணம் அரசுக்குப் போகவில்லை என்று பொருள். அதே இடத்தார் ஆறேழு காட்டேஜ்களை ஆண்டு முழுவதும் இந்த வாடகைக்கு விடுகிறார்கள் என்றால், 20 லட்சத்துக்குள் அடங்குகிறோம் என்ற பேச்சை நம்ப முடியாது. 14,000 ரூபாயில் 143 இரவு போனாலே அந்த வரம்பு தாண்டிவிடும்.

மலை ஏற உங்கள் வண்டிக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இதற்குக் கட்டணம் கிடையாது. எடுத்துத் தருவதாக ஏஜென்ட் ஐந்நூறு கேட்டால் கொடுக்காதீர்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. வண்டி எண், ஆட்கள் எத்தனை பேர், இரவு தங்கலா என்றெல்லாம் கேட்டுக் குடிமகனைப் பதிவு செய்யத் தெரிந்த நிர்வாகம், அவர் தங்கப்போகும் கட்டடத்துக்கு உரிமம் உண்டா என்பதை அதே திரையில் காட்டினால் பாதி ஏஜென்ட்களுக்குத் தொழிலே இருக்காது. பல ஆண்டுகளாக அனுமதியற்ற கட்டடங்களுக்குச் சீல் வைப்பதும் வழக்கு நடப்பதுமாக இருக்கிற ஊரில் இது கூடவா தோன்றவில்லை?

அதுவரை இந்த வேலையை நீங்களேதான் செய்ய வேண்டும். விடுதியின் உரிம நகலைக் கேளுங்கள். தொட்டி ஓடிக்கொண்டிருப்பதையும், அதன் வெப்பநிலை எண்ணையும், அங்கிருந்து கேமராவைத் திருப்பினால் ஏரி தெரிகிறதா என்பதையும் வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். பதிவு செய்த வீடியோவை ஏற்க வேண்டாம். இவை சரியாக இருந்தால் கால்பங்கை மட்டும், ஏஜென்ட் பெயருக்கு அல்லாமல் விடுதியின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். "தனி வெந்நீர்த் தொட்டி இயங்காவிட்டால் வாடகையில் இவ்வளவு கழிக்கப்படும்" என்று ஒரு வரியை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். மீதியைச் சாவி வாங்கும்போது அல்ல, தொட்டியில் கையை விட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள்.