பத்தாயிரம் கோடி விண்மீன்கள் போதுமா?

வணக்கம். நம் பால்வெளியில் மட்டுமே 10,000 கோடிக்கு மேல் விண்மீன்கள். பலவற்றுக்குக் கோள்களும் உண்டு. பூமியில் உயிர் சீக்கிரமே தோன்றிவிட்டது. அப்படியானால் அறிவுள்ள உயிர்கள் எங்கும் நிறைந்திருக்க வேண்டாமா? பரிணாமம் கடைசியில் அறிவில்தானே போய் நிற்கும்?
ரா.

அன்புள்ள ரா.,

எண்ணிக்கையைக் கண்டு மலைத்துவிட்டீர்கள். ஒவ்வொன்றையும் தாண்ட நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று ஆறு தடைகளை வரிசையாக வையுங்கள். லட்சம் கோடியில் ஒன்றுதான் தேறும். 10,000 கோடி விண்மீன்கள் அங்கேயே தீர்ந்துபோகும். பால்வெளியில் நம்மோடு தொடர்புகொள்ளக்கூடிய நாகரிகங்கள் எத்தனை என்று பல காரணிகளைப் பெருக்கிக் கணிக்க 1961இல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் எழுதிய சமன்பாட்டின் சிக்கலும் இதுதான். விண்மீன், கோள் பற்றிய காரணிகளுக்கு இன்று ஓரளவு அளவீடுகள் உண்டு. உயிர், அறிவு, தொழில்நுட்பம் என்று வரும்போது கையில் இருப்பது பூமி என்ற ஒரே மாதிரி.

அந்த மாதிரியை உற்றுப் பார்த்தால் உறுத்துவது செல்தான். சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இங்கே நுண்ணுயிர்கள் இருந்தன. உட்கருவும், ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கொண்ட செல் வருவதற்கு அதன்பின் 150 கோடி ஆண்டுகளாவது ஆயின. ஆர்க்கியா என்ற நுண்ணுயிர் வகையின் செல் ஒன்றுக்குள் ஒரு பாக்டீரியா புகுந்து நிலைத்து மைட்டோகாண்ட்ரியாவாக மாறிய நிகழ்வு அது. விலங்கு, தாவரம், பூஞ்சை எல்லாமே அந்த ஒரே கூட்டணியின் வாரிசுகள். பாக்டீரியா தன் செல்லைச் சூழ்ந்த சவ்வில்தான் ஆற்றல் தயாரிக்கிறது. உடல் எல்லாத் திசையிலும் இரு மடங்கானால் சவ்வின் பரப்பு நான்கு மடங்கு, கொள்ளளவு எட்டு மடங்கு, ஆற்றல் பற்றாது. கண்ணுக்கே தெரியும் தியோமார்கரீட்டா என்ற ராட்சத பாக்டீரியாவைப் பாருங்கள்: உள்ளே பெரும்பகுதி வெறும் திரவப் பை, உயிர்ப்பொருள் ஓரத்தில் மெல்லிய படலம் மட்டுமே. சவ்வை உள்ளே கொண்டுவந்தது மைட்டோகாண்ட்ரியா. இந்த விளக்கத்தை மறுப்பவர்களும் உண்டு. எனக்கு இதுவே வலுவாகப் படுகிறது.

‘சீக்கிரமே தோன்றியது’ என்ற வாதம் ஏமாற்றக்கூடியது. சூரியனின் ஒளி 100 கோடி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. இன்னும் ஏறக்குறைய 100 கோடி ஆண்டில் பூமியின் கடல்கள் மிஞ்சாது. நாம் வந்து சேரவே 450 கோடி ஆண்டு ஆகிவிட்டது. உயிர் தாமதமாகத் தொடங்கிய கோளில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே வந்திருக்க மாட்டார்கள். கேட்பவர்கள் இருக்கும் இடத்தில் தொடக்கம் சீக்கிரமாகத்தான் தெரியும். 1983இல் இயற்பியலாளர் பிராண்டன் கார்ட்டர் வைத்த வாதத்தின் சாரம் இது.

பரிணாமத்துக்குப் போய்ச் சேரும் ஊர் என்று எதுவும் கிடையாது. கண் பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியது, பறத்தல் நான்கு முறை. தொழில்நுட்பம் ஒரே முறை. நியூசிலாந்து சுமார் 8 கோடி ஆண்டு தனித்துக் கிடந்தும் அங்கே பறக்காத பறவைகளான மோவாவும் கிவியும்தான் வந்தன. ஆக்டோபஸுக்கு மூளை உண்டு, கைகளும் உண்டு. ஆனால் பெரும்பாலான இனங்களுக்கு ஆயுள் ஓரிரு ஆண்டுதான். குஞ்சு பொரிக்கும் தறுவாயில் தாய் இறந்துவிடுவதால் கற்பிக்க யாருமில்லை. நீருக்கடியில் தீ மூட்டவும் முடியாது. தீ இல்லாமல் உலோகத்தை உருக்குவது எப்படி?

ஆகவே என் ஊகம்: நுண்ணுயிர்கள் பரவலாக இருக்கலாம், ரேடியோ கட்டும் உயிர்கள் மிக அரிது. சனியின் நிலவான என்செலடஸில் தனித்துத் தோன்றிய உயிர் கிடைத்தால் உயிர் தோன்றுவது என்ற முதல் தடை லேசானது என்று ஒப்புக்கொள்வேன். செவ்வாயில் கிடைத்தால் உடனே ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கிருந்து பாறைகள் இங்கே வந்து விழுந்திருக்கின்றன, உயிரும் இடம் மாறியிருக்கலாம்.