வாசகர் கேள்வி: தலைக்காயமும் முன்னாள் படைவீரர்களும்

கேள்வி: எங்கள் முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்தில், தலையில் அடிபட்டவர்களுக்காக ஞாயிறுதோறும் 3 மணி நேரம் பயிற்சி ஆரம்பித்தோம். முதல் மாதம் 11 பேர் வந்தார்கள். இப்போது 3 பேர்தான். சைக்கிள், கப்பி எல்லாம் வாங்கிப் போட்டும் ஏன் நிலைக்கவில்லை?
– சங்கச் செயலாளர், ராயபுரம்

பதில்: சைக்கிளும் கப்பியும் கைகாலுக்கு. தலைக்காயத்தில் பெரும்பாலும் அடிவாங்குவது கவனம், ஞாபகம், ஒரு வேலையைத் தானாகத் தொடங்கும் திறன். ‘ஞாயிறு 10 மணி’ என்று நினைவு வைத்து, கிளம்பி, பஸ் பிடித்து வர வேண்டும் என்றால் அதுவே அவருக்குப் பெரிய பரீட்சை. வராதவரைச் சோம்பேறி என்று முத்திரை குத்திவிடாதீர்கள். முந்தின நாள் மாலை ஒரு போன், அன்று காலை ஒரு போன், இரண்டும் வீட்டில் உள்ளவருக்குச் செய்யுங்கள். அடுத்த காசைச் சாமானில் போடாமல் ஆட்டோவில் போடுங்கள்.

3 மணி நேரம் மிக அதிகம். வாரம் இரண்டு நாள், 45 நிமிடம் போதும். அதிலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு. காயப்பட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும், களைத்தது அவருக்கே தெரியாது. நெற்றியைத் தேய்ப்பார், சொன்ன பதிலையே திரும்பச் சொல்வார், பிறகு எரிந்து விழுவார். அந்த நெற்றி தேய்க்கும் கட்டத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஒரு குழுவில் 4 பேருக்கு மேல் வேண்டாம். கன்டெய்னர் லாரி ஹார்ன் கேட்கும் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். மினுக்கும் டியூப்லைட்டை மாற்றுங்கள். குண்டுவெடிப்பு அதிர்ச்சியில் காயப்பட்டவர்களுக்குச் சத்தமும் வெளிச்சமும் தலைவலியைக் கிளப்பிவிடும்.

‘ஞாபகசக்தி மேம்பட வேண்டும்’ என்று நோட்டில் எழுதினால் எதை வைத்து அளப்பீர்கள்? ‘ரேஷன் கடைக்குப் போய் 4 பொருள் வாங்கி வருவார்’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனை முறை நினைவூட்ட வேண்டியிருந்தது என்று எண்ணுங்கள். 4 வாரத்தில் எண்ணிக்கை குறையாவிட்டால் ஆளைக் குறை சொல்லாமல் வேலையைத் துண்டாக்குங்கள்: முதலில் பையும் அட்டையும் எடுத்து வாசல் வரை வருவது மட்டும்.

இன்னொன்று, ஒரே தன்னார்வலரை நம்பி நடத்தாதீர்கள். அவர் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தால் கூடத்துக்குப் பூட்டு விழும். இரண்டு பேரும், ஒவ்வொரு வீட்டிலிருந்து ஒருவரும் பழகியிருக்க வேண்டும். ராணுவ கேன்டீன் கோட்டாவில் கிடைக்கும் மதுப் பாட்டிலைப் பற்றியும் குடும்பத்திடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அடிபட்ட மூளைக்குக் கொஞ்சம் குடியே அதிகம். வலிப்பு வரும் அபாயத்தையும் கூட்டும்.

கேள்வி: “மாத்திரை போட்டீங்களா?” என்றால் “போட்டாச்சு” என்கிறார் தலையில் அடிபட்ட என் கணவர். மாத்திரை அப்படியே இருக்கிறது. பொய்தானே என்று கேட்டால் தட்டு பறக்கிறது.
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: அது பொய்யல்ல, அம்மா. ஞாபகத்தில் விழுந்த ஓட்டையை மூளை தானாக அடைத்துக்கொள்கிறது. அவரைப் பொறுத்தவரை போட்டாயிற்று. குறுக்கு விசாரணையை விட்டுவிட்டு இப்படிப் பழக்குங்கள். “காலை மாத்திரை எங்கே இருக்கு? காபி டம்ளர் பக்கத்து டப்பாவில்” என்று பதிலையும் நீங்களே சொல்லி, அவரைத் திரும்பச் சொல்ல வைத்து, டப்பாவைத் தொட வையுங்கள். 30 வினாடி கழித்துக் கேளுங்கள். சரியென்றால் 1 நிமிடம், பிறகு 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். தவறினால் யோசிக்க விடாதீர்கள். தவறான யூகமே மனசில் பதிந்துவிடும். உடனே பதிலைச் சொல்லி, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்கே திரும்புங்கள். டப்பா இடம் மாறவே கூடாது. வலிப்பு மாத்திரையாக இருந்தால், அது பழகும்வரை நீங்களே கையில் கொடுங்கள். அந்த மாத்திரை திடீரென்று நின்றால் ஆபத்து.

புதிதாகத் தலைவலி, வாந்தி, தூங்கி வழிதல், ஒரு பக்கம் பலவீனம் கண்டால் பயிற்சியெல்லாம் அப்புறம். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். வயதானவர்களுக்கு, லேசாக விழுந்திருந்தாலும் வாரங்கள் கழித்துக்கூட மண்டைக்குள் ரத்தம் சேர்ந்திருப்பது தெரியவரலாம்.

கேள்வி: மாற்றுத்திறனாளி சான்று கிடைக்குமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ‘தலைக்காயம்’ என்று தனி வகை இல்லை. அதன் விளைவை வைத்துத்தான் கேட்க வேண்டும்: கைகால் பலவீனம், பேச்சுக் குறை, மனநலப் பாதிப்பு. ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் மதிப்பிடச் சொல்லுங்கள். நடக்கிறாரே என்று காலை மட்டும் பார்த்து அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சுருக்கம் இரண்டையும் கொண்டுபோங்கள். சிகிச்சைக்கு இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) அட்டை இருந்தால், அவசரம் தவிர மற்றபடி பொதுவாக முதலில் அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.