டிரஸ்ட் வழக்கில் சமரசக் கடிதம்: செலவு யார் தலையில்?

இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்களில் நடக்கும் குடும்ப டிரஸ்ட் வழக்குகள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். ஸ்காட்லாந்தில் விதிகள் வேறு.

கேள்வி: அப்பா வைத்த டிரஸ்ட் முடிந்து சொத்தைப் பிரித்துவிட்டார்கள். டிரஸ்டியான அண்ணன் என் பங்கைக் குறைத்துவிட்டார் என்று வழக்குப் போட்டேன். இப்போது அவர் தரப்பிலிருந்து 80,000 பவுண்டுக்கு ‘பார்ட் 36’ ஆஃபர் வந்திருக்கிறது. மறுத்தால் என்ன ஆகும்?

பதில்: பார்ட் 36 ஆஃபர் என்பது சிவில் நடைமுறை விதிகளின் 36-ஆம் பகுதிப்படி தரும் சமரச முன்மொழிவு. இதற்குக் குறைந்தது 21 நாள் கெடு உண்டு. கடிதம் மார்ச் 3-ல் கிடைத்தது, கெடு 24-ல் முடிகிறது என்று வையுங்கள். அதற்குள் ஏற்றால் பணமும் வரும், அதுவரையான உங்கள் வழக்குச் செலவில் நியாயமான பகுதியும் வரும். மறுத்துவிட்டு, நவம்பரில் 70,000 பவுண்டுக்குத் தீர்ப்பு வாங்கினால்? வழக்கில் ஜெயித்தவர் நீங்கள்தான். ஆனாலும் மார்ச் 24-க்குப் பிறகான அண்ணனின் செலவை, பொதுவாக வட்டியோடு, நீங்கள் கட்ட வேண்டிவரும். உங்கள் செலவும் உங்களோடு. பாரிஸ்டர், நிபுணர் அறிக்கை, விசாரணை என்று பெரிய செலவெல்லாம் வருவது அந்தக் காலத்தில்தான். சரியாக 80,000 கிடைத்தாலும் இதே கதிதான், அதைத் தாண்ட வேண்டும்.

கெடு முடிந்தாலும், எழுத்தில் திரும்பப் பெறாதவரை அந்த ஆஃபர் உயிரோடுதான் இருக்கும். தாமதமாக ஏற்றால் இடைப்பட்ட காலத்துச் செலவு பெரும்பாலும் உங்களுடையது. அதனால் வக்கீலிடம் இன்றே கேளுங்கள்: “தீர்ப்பில் எனக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வரும்?”

கேள்வி: வழக்குப் போட்டவரும் ஆஃபர் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. உங்கள் ஆஃபருக்குச் சமமாகவோ கூடுதலாகவோ தீர்ப்பு வந்தால், கெடுவுக்குப் பிறகான செலவு தாராளமான கணக்கில் கிடைக்கும். வங்கி அடிப்படை வட்டிக்கு மேல் 10 சதவீதம் வரை வட்டி போடலாம். கூடுதல் தொகை ஒன்றும் உண்டு: தீர்ப்புத் தொகையில் முதல் 5 லட்சம் பவுண்டுக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 5 சதவீதம், உச்சவரம்பு 75,000 பவுண்ட். அநியாயமாக இருக்கும் என்று கருதினால் மட்டுமே நீதிபதி இதை மறுப்பார். இதைப் பலரும் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு வருத்தம்.

கேள்வி: செலவையும் உள்ளடக்கி ஒரே தொகையாகச் சொல்லலாமா?

பதில்: பார்ட் 36-ல் முடியாது. அதற்குக் கால்டர்பேங்க் கடிதம் இருக்கிறது, அதாவது பார்ட் 36-க்கு வெளியே எழுதும் சமரசக் கடிதம். 1975-ல் ஒரு விவாகரத்து வழக்கில் வந்த பெயர். ‘அவரவர் செலவு அவரவருக்கு’, ‘டிரஸ்டி விலகட்டும்’ என்று எந்த நிபந்தனையும் வைக்கலாம். பலன் மட்டும் உறுதியில்லை, அது நீதிபதியின் விருப்புரிமை.

கேள்வி: நான் டிரஸ்டி. என் செலவை டிரஸ்ட் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்தானே?

பதில்: எல்லா வழக்கிலும் இல்லை. டிரஸ்ட் பத்திரத்தின் அர்த்தத்தில் சந்தேகம் வந்து நீதிமன்றத்திடம் வழி கேட்டால் எடுக்கலாம். நீங்களே தவறு செய்ததாக வழக்கு என்றால், தோற்றால் சொந்தப் பணம்தான். வெளியாளோடு வழக்கென்றால் முதலில் நீதிமன்ற அனுமதி வாங்குங்கள், பெடோ உத்தரவு என்பார்கள். 2000-ஆம் ஆண்டு டிரஸ்டி சட்டம் முறையாகச் செய்த செலவைத்தான் திரும்பத் தருகிறது. நியாயமான ஆஃபரைத் தட்டிக்கழித்துவிட்டு அதைக் கேட்டால் எதிர்ப்பு வரும்.

பயனாளிகளுக்கும் ஒரு வார்த்தை. சமரசப் பத்திரத்தில் ‘டிரஸ்டி தன் செலவை டிரஸ்ட் பணத்தில் எடுக்கக் கூடாது’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவருடைய வக்கீல் ஃபீஸ் உங்கள் பங்கிலிருந்தே போகலாம்.

கேள்வி: அவர்கள் எவ்வளவு தர முன்வந்தார்கள் என்று நீதிபதியிடம் சொல்லலாமா?

பதில்: தீர்ப்புக்கு முன் கூடாது. செலவைப் பற்றிப் பேசும்போதுதான் அந்தக் கடிதம் வெளியே வரும்.

கேள்வி: பயனாளிகளில் இரண்டு சிறுவர்கள். பெரியவர்கள் பேசி முடித்தால் போதுமா?

பதில்: போதாது. 18 வயது ஆகாதவர் கட்சிக்காரராக இருந்தால் நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகே சமரசம் செல்லும். அதற்கான செலவை யார் ஏற்பது என்பதையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.