மாடியில் காற்றாலை வைக்கலாமா?

கேள்வி: சோழவந்தான் பக்கம் எங்கள் வீடு. மேற்கே கண்மாய், மற்ற பக்கமெல்லாம் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும். மொட்டைமாடியில் வைக்கிற 1 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஒருவர் விற்க வந்தார். "கண்மாய்க் காத்து நேரா வருது, கரண்ட் பில்லே வராது" என்கிறார். ஆடியில் மாடியில் நிற்க முடியாத காற்றுதான். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அட்வான்ஸும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் ஊர் கொடிக்காலையே பாருங்கள். வெற்றிலைக்கு வேகக்காற்று ஆகாது. அகத்தியை நெருக்கி நட்டு, காற்றை அடக்கித்தான் கொடியைக் காப்பாற்றுகிறார்கள். வெற்றிலைக்கு வாய்த்த இடம் காற்றாலைக்கு வாய்க்காது.

அந்த 1 கிலோவாட் என்பது பெரும்பாலும் விநாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் கிடைப்பது. காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். விநாடிக்கு 3 மீட்டருக்கு இறங்கினால் 64இல் ஒரு பங்கு, சுமார் 15 வாட். ஒரு பல்பு எரியும், அவ்வளவுதான். பல காற்றாலைகள் அந்த வேகத்தில்தான் சுற்றவே ஆரம்பிக்கும்.

கண்மாய் விஷயத்தில் விற்பவர் சொல்வதில் பாதி உண்மை. தண்ணீர்ப் பரப்பு வழுவழுப்பானது, காற்றைப் பிடித்து நிறுத்தாது. ஆனால் நம் பக்கத்துக் கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். மேல்காற்று அடிப்பதோ ஆனி, ஆடியில். அப்போது அங்கே பாளம் பாளமாக வெடித்த தரையும் சீமைக்கருவேலமும்தானே இருக்கும்?

தென்னை இன்னும் பெரிய தடை. நெருக்கமான தோப்பு என்றால், தரையே மரத்தின் முக்கால் உயரத்துக்கு ஏறிவிட்டது போலத்தான் காற்று நடந்துகொள்ளும். மரத்தைத் தாண்டி வரும் காற்றும் சீராக வராது. 50 அடி மரத்துக்குப் பின்னால் 1,000 அடி வரைகூடச் சுழலும், உயரத்தில் மரத்தைப் போல இரண்டு மடங்கு வரை கலங்கும். மாடியில் காயும் வேட்டியைக் கவனியுங்கள்: ஒரு நிமிடம் கிழக்கே பறக்கும், சட்டென்று சுருண்டு கொடியிலேயே சுற்றிக்கொள்ளும். உங்கள் கைப்பிடிச் சுவரே அந்தச் சுழலில் ஒரு பங்கைக் கிளப்புகிறது. இறக்கை அப்படித் திரும்பித் திரும்பி அடிவாங்கினால் பேரிங் சீக்கிரம் போகும், அதிர்வு கூரைக்கு இறங்கும்.

சுற்றிலும் 500 அடி தூரத்துக்குள் எது உயரமோ, அதைவிட 30 அடி மேலே இறக்கையின் அடிநுனி இருக்க வேண்டும் என்பது சிறு காற்றாலைக்கான பொது விதி. உங்கள் தென்னை 50 அடி என்றால், அது 80 அடிக்கும் மேலான கோபுரம். அதன் செலவை விற்பவர் சொன்னாரா? காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழியில் காற்று கணவாயில் நெருக்கிக்கொண்டு வருகிறது. அங்கேயே இறக்கைகளை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அப்புறமும் ஆசை இருந்தால், "விநாடிக்கு 3 மீட்டர் காற்றில் வருடத்துக்கு எத்தனை யூனிட்?" என்று கேளுங்கள். பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

என் யோசனை சோலார்தான். 1 கிலோவாட் பலகை நிழல் விழாத மாடியில் நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியமும் அறிவித்திருக்கிறார்கள். தென்னை நிழல் காலை, மதியம், மாலை மாடியில் எங்கே விழுகிறது என்று ஒரு வாரம் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.