கூடோத்திரமும் மறைஞானமும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டுப் பசு செத்ததும், தம்பிக்கு வேலை அமையாததும் யாரோ வைத்த கூடோத்திரத்தால்தான், அதாவது செய்வினையால்தான் என்று என் சித்தி நம்புகிறார். சோழி வைத்துப் பிரசன்னம் (குறி) பார்த்த ஜோசியர் அப்படிச் சொல்லி, கழிப்பதற்கு ஒரு மந்திரவாதியையும் காட்டிவிட்டார். ஜோதிடம், தாந்திரீகம், செய்வினை எல்லாம் ஒரே மறைஞானத்தின் கிளைகள்தானா? செய்வினை மட்டும் வேறா?

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள நண்பருக்கு,

முறை என்ற அளவில் அவை ஒரே குடும்பம்தான். கோள், எழுத்து, மூலிகை, மனித உடல் ஆகியவற்றுக்கிடையே மறைவான பிணைப்பு உண்டு, அதை அறிந்தவன் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அசைக்கலாம் என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. மாந்திரீக நூல்கள் சொல்லும் அட்டகர்மத்தில், அதாவது எட்டு வகை மந்திரச் செயல்களில், ஈர்க்கும் வசியமும் கொல்லும் மாரணமும் அருகருகே இருப்பது இதனால்தான். சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் உயிர்ப்பலியையும் பேய்வழிபாட்டையும் மந்திரவாதத்தையும் சேர்த்தே எதிர்த்தார். அவை ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அவர் கண்டிருந்தார் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் ஊருக்குள் செய்வினைக்கு இருக்கும் இடம் முற்றிலும் வேறு. ஜோதிடமும் மந்திரமும் தனக்குத் தெரியும் என்று ஒருவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கூடோத்திரமோ எப்போதும் அடுத்தவர் செய்தது. அதைக் கழிப்பதாகச் சொல்பவர்களை நம் மாவட்டத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். வைப்பதாகத் தன் வாயால் ஒப்புக்கொண்டவரைப் பார்த்ததே இல்லை.

இந்த இரண்டையும் இணைக்கும் பாலம்தான் உங்கள் சித்தி சென்ற பிரசன்ன அறை. அஷ்டமங்கலப் பிரசன்னத்தில் 108 சோழிகளை மூன்று குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எட்டெட்டாகக் கழித்து, மிஞ்சியதைக்கொண்டு பலன் சொல்கிறார்கள். 1649இல் கேரளத்தில் எழுதப்பட்ட பிரச்ன மார்க்கம் என்ற ஜோதிட நூல் தெய்வகோபம், சர்ப்பகோபம், பித்ருகோபம் ஆகியவற்றோடு எதிரியின் ஆபிசாரத்தையும் (செய்வினையையும்) துன்பத்துக்கான காரணங்களில் ஒன்றாகச் சேர்க்கிறது. ஆகவே, சோழியைத் தொடும் முன்பே அந்தப் பதிலுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஜோசியர் பெரும்பாலும் யாரையும் பெயர் சொல்வதில்லை. "வடக்குத் திசை, உறவில் ஒரு பெண்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மிச்சத்தை வீட்டார் நிரப்பிக்கொள்வார்கள், அதுவும் பெரும்பாலும் கணவனை இழந்த, கேட்க ஆளில்லாத ஒருத்தியின் முகத்தால்.

ஐரோப்பாவிலும் மறைஞானம் கற்றோர் பலர் அரசவைகளில் மதிக்கப்பட்ட காலத்தில்தான் கிராமத்துப் பெண்கள் சூனியக்காரிகளென்று எரிக்கப்பட்டார்கள். மறைஞானத் தத்துவத்தை மூன்று பகுதிகளாக எழுதி 1533இல் முழுமையாக அச்சிட்ட ஜெர்மானிய அறிஞர் அக்ரிப்பா, அதற்கு முன்பு 1519இல் மெட்ஸ் நகரில் அப்படிக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் ஏழைப் பெண்ணுக்காக வாதாடி அவளை மீட்டார். அவர் மந்திரத்தை நம்பியவர். ஆனாலும் அந்தப் பழியை ஏற்கவில்லை. எனக்கு அவர்மீது பெருமதிப்பு உண்டு.

எனவே சித்தியின் நம்பிக்கையோடு இப்போதே வாதிட வேண்டாம். பசுவுக்கு என்ன நோய் என்று கால்நடை மருத்துவரிடம் விசாரியுங்கள். அதைவிட அவசரமாக, பிரசன்னம் பார்த்த பிறகு சித்தி எந்த வீட்டோடு பேச்சை நிறுத்தினார், யார் கொடுத்த பலகாரத்தைக் கைவிஷம் (உணவில் கலந்து தரும் செய்வினை) இருக்குமென்று வெளியே கொட்டினார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நீங்களே அந்த வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள்.